‘ஃப்ரீஸ்’ என்று ஒரு சொல்

மார்கழி பிறந்துவிட்டால் கட்கி, தாபோடி, தேஹு ரோடு பக்கத்துத் தமிழ் வீடுகளில் தேங்காயெண்ணெய் பாட்டில் ஜன்னல் ஓரத்துக்கு வந்துவிடும். காலை வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைப்பார்கள். வெயில் வருவதற்குள் வேலைக்குப் புறப்பட வேண்டியவர்கள் வெந்நீர்ச் செம்பில் பாட்டிலை நிறுத்துவார்கள். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். திருநெல்வேலியிலிருந்தோ வேலூரிலிருந்தோ புதிதாக வந்த மருமகள் முதல் குளிர்காலத்தில் இதைப் பார்த்து, எண்ணெய் கெட்டுவிட்டது என்று பதறுவதும், “கெடல்லம்மா, உறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்” என்று மாமியார் சொல்வதும் இங்கே பழைய கதை. அரை மணி வெயிலில் எண்ணெய் இளகிவிடும். உறைவதற்கு முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் இருக்கும்; ஒரு சொட்டுக்கூடக் குறையாது.

உறைதல் என்றால் சாதாரண மனிதன் இப்படித்தான் புரிந்துகொள்கிறான். பால் தயிராக உறைகிறது. நெய் உறைகிறது. ஊட்டியில் உறைபனி விழுகிறது. எது உறைந்தாலும் பொருள் அங்கேயே இருக்கிறது, நிலை மட்டும் மாறியிருக்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் ‘ஃப்ரீஸ்’. அந்தச் சொல் ஆபீசிலும் பாங்கியிலும் பார்லிமென்டிலும் நடமாடும்போது பொருளும் அப்படியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புனேயில் வசிக்கும் தமிழர்களில் பலர் ராணுவக் கணக்கு அலுவலகங்களிலும், வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும், ரயில்வேயிலும் சம்பளம் வாங்குகிறவர்கள், அல்லது வாங்கி ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு இது அகராதி விவகாரம் அல்ல, மாதச் சம்பளக் கவரின் விவகாரம்.

இந்த ஊரில் அந்தச் சொல் முதலில் காதில் விழுவது சமையலறையில்தான். மராத்திக் குடும்பங்களில் குளிர்பதனப் பெட்டிக்குப் பெயரே ‘ஃப்ரீஜ்’. பள்ளிக்கூடம் போகும் தமிழ்க் குழந்தைகளும் ‘ஃப்ரிட்ஜ்’ என்பதை விட்டுவிட்டு அண்டை வீட்டு உச்சரிப்பையே கொண்டுவந்துவிடுகின்றன. தண்ணீர் உறைவதை இந்த ஊர்க்காரர்கள் பார்ப்பதும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். வாய்க்கு வாய் ‘ஃப்ரீஸிங் கோல்டு’ என்று சொன்னாலும், புனேயில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1935 ஜனவரி 17 அன்று 1.7 டிகிரி. அப்போதும் பூஜ்யத்தைத் தொடவில்லை. இந்தக் கணக்கை வைத்திருக்கும் வானிலை அலுவலகம் 1928-ல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. சிவாஜிநகரில் பஸ் கண்டக்டர் “சிம்லா ஆபீஸ்” என்று கூவுவது அந்த அலுவலகத்தைத்தான். குளிர் தேசத்துப் பெயரைத் தாங்கிய நிறுத்தத்தில் வேர்க்க வேர்க்க இறங்குகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் உண்டு.

பெட்டிக்குள் இருக்கும் வரை சொல் ஒழுங்காக இருக்கிறது. வெளியே வந்தால் பல வேஷம். கம்ப்யூட்டர் நின்றுபோனால் ‘ஃப்ரீஸ்’. ஆங்கிலப் படத்தில் போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டி ‘ஃப்ரீஸ்’ என்றால் அசையாதே என்று அர்த்தம். கம்பெனியில் புதிதாக ஆள் எடுப்பதில்லை என்றாலும் அதுவே. இவையெல்லாம் போகட்டும். சம்பளத்தில் கைவைக்கும் ‘ஃப்ரீஸ்’ ஒன்று இருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பஞ்சப்படி உறைந்த கதை

2020 ஏப்ரல் 23 அன்று மத்திய நிதி அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி வந்த ஆணை அது. அதன் தலைப்பிலேயே ‘ஃப்ரீஸிங்’ என்ற சொல் இருந்தது: மத்திய அரசு ஊழியர்களின் பஞ்சப்படியும், ஓய்வூதியர்களின் பஞ்ச நிவாரணமும் 2021 ஜூலை வரை அன்றைய விகிதத்திலேயே ‘ஃப்ரீஸ்’ செய்யப்படுகின்றன என்று. அகவிலைப்படி என்று இப்போது எழுதுகிறார்கள். பஞ்சப்படி என்ற பழைய பெயர்தான் அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை மறைக்காமல் சொல்கிறது.

அன்றைய விகிதம் 17 சதவிகிதம். அதற்கு ஆறு வாரத்துக்கு முன், மார்ச் 13-ல், அதை 21 ஆக உயர்த்த மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்த நான்கு சதவிகிதமும், 2020 ஜூலையில் வரவேண்டிய மூன்றும், 2021 ஜனவரியில் வரவேண்டிய நான்கும், ஆக மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன. 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து பஞ்சப்படி 28 சதவிகிதம் ஆனது. பதினேழோடு நான்கு, மூன்று, நான்கைக் கூட்டினால் இருபத்தெட்டு வரும். உறைந்தது உருகிவிட்டது, ஒன்றும் நஷ்டமில்லை என்று மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்கள் சொல்லலாம்.

கணக்குப் போடத் தெரிந்த குமாஸ்தா அப்படிச் சொல்லமாட்டார். அடிப்படைச் சம்பளம் ரூ.30,000 வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் ரூ.1,200 வீதம் ரூ.7,200. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் ரூ.2,100 வீதம் ரூ.12,600. 2021 ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் ரூ.3,300 வீதம் ரூ.19,800. மொத்தம் ரூ.39,600. இந்தப் பணம் உருகவும் இல்லை, உறைந்து எங்கும் இருக்கவும் இல்லை. அந்தப் பதினெட்டு மாதத்துக்கு நிலுவை கிடையாது என்று அதே ஆணையின் உள்ளே எழுதியிருந்தது. தலைப்பு உறையவைத்தது, உள்ளே இருந்த வாசகம் வெட்டியது. இதனால் அரசுக்கு மிச்சமான தொகை ரூ.34,402.32 கோடி என்று பின்னர் பார்லிமென்டில் பதில் தரப்பட்டது.

‘ஃப்ரீஸ்’ என்றதைத் தமிழில் பெரும்பாலும் ‘நிறுத்திவைப்பு’ என்றார்கள். நிறுத்தி ‘வைப்பது’ என்றால் பிறகு எடுத்துக்கொடுப்பது என்றுதான் எந்தத் தமிழனும் நினைப்பான். அடுத்த வீட்டில் நகையைக் கொடுத்து வைக்கிறோம், அரிசியைக் கட்டி வைக்கிறோம் என்று சொல்கிற பாஷை இது. ஆகவே, “சம்பளக் கமிஷன் அரியர்ஸ் மாதிரி ஒருநாள் மொத்தமாக வரும்” என்று நம்பிக்கொண்டிருந்த பென்ஷன்காரர்கள் இந்த வட்டாரத்தில் கொஞ்சநஞ்சம் அல்ல. அதை வைத்துப் பேத்தியின் கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆணையின் இரண்டாவது பாராவை யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

அரசின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரலில் தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன. வரி வருமானம் விழுந்தது. நாள்கூலிக்காரர்கள் புனேயிலிருந்தே நடந்து ஊர் போனார்கள். மாதச் சம்பளம் நிச்சயமாக வருகிறவன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்ற வாதத்துக்கு வலு உண்டு. அப்படியானால் ‘வெட்டு’ என்றே சொல்லிக் கேட்டிருக்கலாமே. இந்த நாட்டுச் சம்பளக்காரன் கேட்டபோது கொடுக்காதவன் அல்ல.

1974-ஐ நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். விலைவாசி ஏறுக்கு மாறாக ஏறிய வருஷம் அது. மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து ஓய்ந்திருந்தது. ஜூலையில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சம்பளத் திருத்தத்தால் வரும் கூடுதல் தொகை முழுவதையும், பஞ்சப்படி உயர்வில் பாதியையும் தொழிலாளி கையில் கொடுக்காமல் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன, கொதித்ததில் தவறும் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தில், பிடித்த பணம் வட்டியோடு ஐந்து வருடாந்தரத் தவணைகளில் திருப்பித் தரப்படும் என்று இருந்தது. கடுமையான சட்டம்தான். இருந்தாலும் அது பணத்தை ‘டெபாசிட்’ என்று அழைத்தது, டெபாசிட்டாகவே நடத்தியது. தேங்காயெண்ணெய் உறைந்ததைப் போன்றது என்று அதைத்தான் சொல்லலாம். 2020-ல் நடந்ததற்கு அந்த உவமை பொருந்தாது.

இன்னொரு உதாரணம் அதே கொரோனாக் காலத்திலேயே இருக்கிறது. ஆந்திர அரசு 2020 மார்ச், ஏப்ரல் மாதச் சம்பளத்திலும் பென்ஷனிலும் ஒரு பகுதியைத் ‘தள்ளிவைப்பதாக’ ஆணையிட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. தள்ளிவைத்த தொகையை ஆண்டுக்கு 6 சதவிகித வட்டியுடன் கொடுக்கவேண்டும் என்று 2021 பிப்ரவரி 8-ல் தீர்ப்பாயிற்று. ‘தள்ளிவைப்பு’ என்ற சொல்லுக்குள் திருப்பித் தரும் கடமை இருக்கிறது. ‘ஃப்ரீஸ்’ என்ற சொல்லுக்குள் அது இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் இருக்காது. சம்பளமும் பஞ்சப்படியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்று வக்கீல்கள் சொல்லக்கூடும். சாப்பிடுகிறவன் கண்ணில் இரண்டும் ஒரே சோறு.

விலை உறையவில்லையே

பஞ்சப்படி என்பது சம்பள உயர்வு அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சிம்லாவிலும் சண்டிகரிலும் அலுவலகங்கள் கொண்ட தொழிலாளர் பணியகம், அரிசி முதல் வீட்டு வாடகை வரை மாதாமாதம் விலை சேகரித்துக் குறியீட்டெண் போடுகிறது. பன்னிரண்டு மாதச் சராசரியைப் பார்த்து, ஏற்கெனவே ஏறிவிட்ட விலைக்கு ஈடாகக் கொடுப்பதுதான் இந்தப் படி. அதாவது தொழிலாளி முதலில் கூடுதல் விலை கொடுத்துவிடுகிறான். படி பின்னால் வந்து சேர்கிறது. அதை நிறுத்துவது நாளைய லாபத்தை நிறுத்துவது அல்ல, நேற்றைய செலவுக்கான பில்லைத் தள்ளுபடி செய்வது.

அமெரிக்காவில் 1971 ஆகஸ்ட் 15 அன்று ஜனாதிபதி நிக்ஸன் 90 நாளைக்கு ‘ஃப்ரீஸ்’ அறிவித்தார். பிரிட்டனில் 1966-ல் வில்ஸன் அரசாங்கம் ஆறு மாதத்துக்கு அறிவித்தது. அவை இரண்டிலும் கூலியோடு விலையையும் சேர்த்தே நிறுத்தினார்கள். அந்த ஏற்பாடுகள் நீண்டகாலத்துக்குப் பலன் தரவில்லை என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம் தராசின் இரண்டு தட்டும் சேர்த்துக் கட்டப்பட்டன. இங்கே ஒரு தட்டு மட்டும் கட்டப்பட்டது. மார்க்கெட் யார்டில் வெங்காயமோ, சமையல் எண்ணெயோ, காஸ் சிலிண்டரோ அந்தப் பதினெட்டு மாதத்தில் எந்த ஆணைக்கும் உறைந்து நிற்கவில்லை.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் ஓய்வு பெற்றவர்களின் பணிக்கொடைக்கும், லீவுச் சம்பளத்துக்கும் பஞ்சப்படி சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். அவர்கள் நஷ்டப்படக்கூடாது என்று 2021 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. ஓய்வு பெற்ற தேதிக்கு ஏற்றபடி 21, 24, 28 சதவிகிதம் இருந்ததாகப் பாவித்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். நல்ல காரியம், வரவேற்கத்தக்கது. ஆனால் இதன் அர்த்தம் என்ன? படி ஏறியது உண்மை, கணக்கிலே அது உயிரோடிருந்தது, கைக்கு மட்டும் வரவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டதுதான்.

உறைந்தால் மீளாதவையும் உண்டு என்பதைப் புனேக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1966-ல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிடியூட் இந்த ஊரில்தான் இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பு மருந்தை உறையவைத்து உலர்த்தித்தான் பொடியாகப் பாதுகாக்கிறார்கள். அங்கே உறைதல் காக்கிறது. ஆனால் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி மருந்து ஒருமுறை உறைந்துவிட்டால் அவ்வளவுதான். இளக்கிப் பார்த்தாலும் வீரியம் திரும்பாது. குலுக்கிவைத்தால் அடியில் திப்பிதிப்பியாகப் படியும். அதைக் கண்டால் நர்ஸ் கொட்டிவிடுவார். பதினெட்டு மாதப் பஞ்சப்படி இந்த இரண்டாவது ரகம்.

பாங்கி உறையவைக்கும்போது

சர்க்கார் உத்தியோகம் இல்லாதவர்கள் இந்தச் சொல்லைச் சந்திப்பது பாங்கிக் கவுண்டரில். தள்ளுவண்டியில் இட்லி விற்கும் தமிழர் ஒருவர் பணம் எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். “அக்கவுண்ட் ஃப்ரீஜ் ஜாலா” என்கிறார் கவுண்டரில் இருப்பவர். குளிர்பதனப் பெட்டிக்கும் தம் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விழிப்பார். விஷயம் இதுதான்: யாரோ ஒரு வாடிக்கையாளர் போன் மூலம் அனுப்பிய நூறு ரூபாய், எங்கோ நடந்த சைபர் மோசடிப் பணத்தின் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்திருக்கும். எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் கடிதம் எழுத, கணக்கு முழுவதும் நின்றுவிடும்.

மோசடிக்காரனைப் பிடிக்கப் பணத்தை உடனே நிறுத்துவது அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து பணத்தை மீட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நூறு ரூபாய்ச் சந்தேகத்துக்கு ஒருவனுடைய பல வருஷச் சேமிப்பு முழுவதும் நிற்கவேண்டுமா? சந்தேகத்துக்குரிய தொகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற திசையில் கேரள ஹைகோர்ட் 2023-லும், சென்னை ஹைகோர்ட் 2024-லும் உத்தரவிட்டிருக்கின்றன. இப்படி முடக்கியதை மாஜிஸ்டிரேட்டுக்குப் போலீஸ் தெரிவிக்கவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-வது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 106-வது பிரிவும் அதையே சொல்கிறது.

பாங்கி ‘ஃப்ரீஸ்’ என்று சொல்வதிலும் ரகங்கள் உண்டு. பணம் வரலாம், போகக்கூடாது என்பது ஒன்று. வரவும் கூடாது, போகவும் கூடாது என்பது மற்றொன்று. கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், குறிப்பிட்ட தொகையை மட்டும் தொடக்கூடாது என்பது மூன்றாவது. இரண்டு வருஷம் எந்த வரவுசெலவும் இல்லாததால் கணக்கு தூங்கிப்போவது இவற்றில் சேராது; வெளியூர் விலாசத்தில் ஆதார் வைத்திருப்பவர்களின் விலாசச் சான்று புதுப்பிக்கப்படாததால் நிற்பதும் வேறு. கவுண்டரில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் உதிர்ப்பார். பதறிப்போய்த் திரும்பிவிடாமல், எந்த ரகம், யாருடைய உத்தரவு, எவ்வளவு தொகைக்கு, புகார் எண் என்ன என்று நான்கையும் எழுதி வாங்கிக்கொள்கிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. பாஷை தெரியவில்லையே என்று தயங்குகிறவர் தமிழிலேயே எழுதிக்கொண்டு போய் யாராவது குமாஸ்தா நண்பரிடம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்கலாம். அப்படிப்பட்ட நண்பர் இல்லாத தமிழ்க் குடியிருப்பு இந்த ஊரில் இல்லை.

வேண்டிக் கேட்கும் ‘ஃப்ரீஸ்’

இத்தனையும் படித்த பிறகு ‘ஃப்ரீஸ்’ என்றாலே கெடுதல் என்று முடிவு கட்டுகிறவர்கள் தமிழ்நாட்டுச் செய்தியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1976-ல் வந்த அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம், லோக்சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள இடங்களை 1971 ஜனத்தொகைக் கணக்கின்படி நிறுத்தியது. 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம் அதற்காகவே இடங்களை இழக்கக்கூடாது என்பது காரணம். 1962-ல் 41 பேரை அனுப்பிய தமிழ்நாடு 1967-ல் 39 பேரைத்தான் அனுப்பிற்று. அந்த அனுபவம் இன்னும் மறக்கவில்லை. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் கூடிய சர்வகட்சிக் கூட்டம், இந்த உறைநிலையை இன்னும் முப்பது வருஷம் நீட்டவேண்டும் என்று கேட்டது.

ஆகவே ஒரே தமிழ்க் குடும்பத்தில், பஞ்சப்படியை ‘ஃப்ரீஸ்’ செய்தார்களே என்று அப்பா ஏசுவதும், தொகுதிகளை ‘ஃப்ரீஸ்’ செய்யுங்கள் என்று ஊரிலிருக்கும் மகன் கொடி பிடிப்பதும் நடக்கிறது. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. தொகுதி விஷயத்தில் எதுவரை, எந்தக் கணக்கின்படி என்று இரண்டும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. யாருடைய இடமும் அதனால் கரையவில்லை. மறுபக்கத்தில், ஜனத்தொகை பெருகிய வடமாநிலத்து வாக்காளன் தன் ஓட்டுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதே என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். அது தனியாகப் பேசவேண்டிய பெரிய விவகாரம்.

பதினெட்டு மாத நிலுவையைக் கொடுங்கள் என்று ஊழியர் சங்கங்கள் பலமுறை கேட்டுவிட்டன. சாத்தியமில்லை என்று அரசு பார்லிமென்டில் பலமுறை பதில் சொல்லிவிட்டது. சாத்தியமில்லை என்பது ஒரு பதில்தான். எனினும் 2020 ஏப்ரல் 23 தேதியிட்ட அந்த ஆணை இன்றும் ஃபைலில் இருக்கிறது, ‘ஃப்ரீஸிங்’ என்ற தலைப்போடு. அடுத்த நெருக்கடியில் அடுத்த ஆணையை எழுதப்போகிற செக்‌ஷன் ஆபீசர், பழைய நகலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுவார். டைப் அடிக்கப்போவது யாராவது ஒரு குமாஸ்தா. அவருடைய பஞ்சப்படியும் அதில் அடக்கம்.